பழைய விண்டோஸில் புது நோட்பேட்: தடுப்பது எது?

நோட்பேடைத் தேடிப் போய் வாங்கியவர் யாரும் இல்லை. கணினியோடு கூடவே வரும். திறந்தால் வெள்ளைத் திரை. நாலு வரி அடித்துச் சேமித்துவிட்டு மூடிவிடலாம். 1985 நவம்பரில் வெளிவந்த முதல் விண்டோஸிலேயே அது இருந்தது. கால்குலேட்டர், கடிகாரம், காலண்டர், பெயின்ட் என்று அன்று உடன் வந்த சிறு செயலிகளில் சிலதான் இன்றுவரை தாக்குப்பிடித்திருக்கின்றன. அவற்றிலும் ஏறக்குறைய முப்பத்தைந்து ஆண்டுகள் முகம் மாறாமல் இருந்தது நோட்பேட்.

விண்டோஸ் 11 வந்ததும் நிலைமை தலைகீழானது. 2021 அக்டோபரில் அது வெளியான பிறகு நோட்பேடுக்குக் கறுப்புத் திரை வந்தது. ஒரே சன்னலில் பல கோப்புகளைத் திறந்து வைக்கும் டேப் வசதி வந்தது. சேமிக்காமல் மூடினாலும் எழுதியது மறுபடி அப்படியே கிடைத்தது. 2024இல் எழுத்துப்பிழை காட்டும் வசதியும் சேர்ந்தது. பெயின்டில் 2023இல் லேயர்கள் வந்தன. படத்தின் பின்னணியை ஒரு சொடுக்கில் நீக்க முடிந்தது. திரையைப் படம் பிடித்துக்கொண்டிருந்த ஸ்னிப்பிங் டூல் வீடியோவும் பிடிக்க ஆரம்பித்தது.

விண்டோஸ் 10 வைத்திருப்பவருக்கு இவற்றில் எதுவும் இல்லை.

அவர் மாற மனமில்லாமல் பழையதைப் பிடித்துக்கொண்டிருக்கிறார் என்று சொல்லிவிட முடியாது. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும். இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை பிராசசராவது வேண்டும். அந்தத் தலைமுறை சந்தைக்கு வந்ததே 2017இல்தான். அதற்கு முன் வாங்கிய கணினி நன்றாக ஓடிக்கொண்டிருந்தாலும் விண்டோஸ் 11 அதை ஏற்காது. ஆகவே பயனாளர் கேட்கும் கேள்வி நியாயமானது: முழு விண்டோஸையும் கேட்கவில்லை, அந்த நோட்பேடை மட்டும் இந்தக் கணினியில் போட முடியாதா? வெறும் எழுத்தை அடிக்கும் ஒரு சின்னச் செயலிக்குப் பழைய விண்டோஸ் எந்த விதத்தில் போதாமல் போகிறது?

பதில் செயலிக்குச் செயலி வேறுபடும். சிலவற்றைத் தடுப்பது உண்மையான தொழில்நுட்பக் குறை. சிலவற்றைத் தடுப்பது ஒரு கோப்பில் எழுதிய ஓர் எண். அந்த எண்ணுக்குப் பின்னால் இருப்பது நிறுவனத்தின் முடிவு. இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் வீண் முயற்சியையும் தவிர்க்கலாம், ஆபத்தையும் தவிர்க்கலாம்.

வாசலில் கேட்கும் எண்

பழைய நோட்பேட் விண்டோஸ் கோப்புறைக்குள் கிடக்கும் ஒரு சாதாரணக் கோப்பு. விண்டோஸ் 11இன் நோட்பேட் அப்படி இல்லை. அது மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் வழியாக வரும் ஒரு பொதி. எம்எஸ்ஐஎக்ஸ் என்று பெயர். உண்மையில் அது ஒரு ஜிப் கோப்புதான். விரித்துப் பார்த்தால் உள்ளே செயலி, படங்கள், எழுத்துரு அமைப்புகள் எல்லாம் தனித்தனியாக இருக்கும். அவற்றோடு மேனிஃபெஸ்ட் என்றொரு விவரப்பட்டியலும் இருக்கும். செயலியின் பெயர், தயாரித்தவர், என்னென்ன அனுமதி வேண்டும் என்பதோடு, எந்த விண்டோஸிலிருந்து இது ஓடும் என்பதையும் அந்தப் பட்டியல் சொல்கிறது.

இங்கே ஒரு வேடிக்கை உண்டு. விண்டோஸ் 11 வெளியில்தான் 11. உள்ளுக்குள் அதன் எண் இன்னமும் 10.0. இரண்டையும் பிரித்துக் காட்டுவது அதற்கு அடுத்து வரும் பில்ட் எண். விண்டோஸ் 10இன் கடைசிப் பதிப்பு 19045. விண்டோஸ் 11இன் முதல் பதிப்பு 22000. மேனிஃபெஸ்டில் குறைந்தபட்சம் 22000 என்று எழுதியிருந்தால், 19045 உள்ள கணினி அந்தப் பொதியை நிறுவ மறுத்துவிடும். செயலியை ஓட்டிப் பார்த்து முடியாமல் மறுப்பதல்ல இது. ஓட்டிப் பார்க்கும் கட்டமே வராது.

அந்த எண்ணை மாற்றி எழுதிவிட்டால்? ஜிப் கோப்பு என்பதால் மாற்றுவது எளிது. மாற்றியதை விண்டோஸ் நம்ப வேண்டுமே! பொதிக்குள் இருக்கும் ஒவ்வொரு கோப்பையும் 64 கிலோபைட் துண்டுகளாகப் பிரித்து, துண்டுக்கொரு கைரேகை எடுத்து, அந்தப் பட்டியலைத் தயாரிப்பாளரின் டிஜிட்டல் கையொப்பத்தோடு பூட்டியிருப்பார்கள். ஒரே ஓர் எழுத்தை மாற்றினாலும் கைரேகை பொருந்தாது, கையொப்பம் செல்லாது. மென்பொருள் எழுதுபவர்கள் தங்கள் செயலியைச் சோதிப்பதற்காக விண்டோஸில் டெவலப்பர் மோட் என்றொரு வசதி இருக்கிறது. அதைத் திறந்துவிட்டு, விரித்த கோப்புறையைக் கையொப்பமில்லாமலே பதிவு செய்வதுதான் ஆர்வலர்கள் கையாளும் வழி. சில செயலிகள் அப்படி எழுந்து நின்றுவிடுகின்றன. சில எழுந்ததுமே விழுகின்றன.

எழுந்து நிற்பவற்றைப் பார்க்கும்போதுதான் சந்தேகம் வருகிறது. அப்படியானால் அந்த எண் எதற்கு? அது பெரும்பாலும் ஒரு பொறுப்பு எல்லை. இந்தப் பதிப்பிலிருந்துதான் சோதித்தோம், இதற்கு முந்தையதில் சிக்கல் வந்தால் நாங்கள் பொறுப்பல்ல என்று நிறுவனம் அறிவிக்கும் இடம். அதில் சோம்பலும் இருக்கலாம், வியாபாரமும் இருக்கலாம்.

வியாபாரக் கணக்குக்கு நல்ல உதாரணம் ஹேலோ 2 விளையாட்டு. 2004இல் எக்ஸ்பாக்ஸுக்கு வந்த அந்த விளையாட்டை மைக்ரோசாஃப்ட் 2007இல் கணினிக்குக் கொண்டுவந்தபோது விண்டோஸ் விஸ்டாவில் மட்டுமே ஓடும் என்றது. விஸ்டா அப்போது புதிது. வாங்க ஆள் தேவை. ஆனால் விளையாட்டின் படங்கள் ஓடியது டைரக்ட்எக்ஸ் 9இல். அது விஸ்டாவுக்கு முந்தைய எக்ஸ்பியிலும் இருந்தது. வெளியான கொஞ்ச நாளிலேயே வெளியாட்கள் போட்ட ஒட்டுக் கோப்புகளோடு ஹேலோ 2 எக்ஸ்பியில் ஓடியது.

கேட்ட உதவி கிடைக்காதபோது

எண்ணைத் தாண்டியதும் நிற்பது நிஜமான தடை.

எந்தச் செயலியும் எல்லா வேலையையும் தானே செய்வதில்லை. கோப்பைத் திற, சன்னலை வரை, நேரத்தைச் சொல் என்று இயங்குதளத்திடம் கேட்டுக்கேட்டுத்தான் அது வேலை செய்கிறது. கேட்பதற்கென்று பெயரிட்ட செயற்கூறுகள் விண்டோஸில் ஆயிரக்கணக்கில் உண்டு. ஒவ்வொரு புதிய பதிப்பிலும் சில புதிதாகச் சேரும். புதிய செயலி அந்தப் புதிய பெயரில் ஒன்றைக் கேட்டால், பழைய விண்டோஸ் கை விரித்துவிடும்.

எக்ஸ்பி காலத்தவர்களுக்கு இந்தக் காட்சி நன்றாக நினைவிருக்கும். புதிதாக இறக்கிய செயலியை இரட்டைச் சொடுக்குச் சொடுக்கினால், கெட்டிக்கவுன்ட்64 என்ற நுழைவுப் புள்ளி கெர்னல்32 கோப்பில் இல்லை என்று ஒரு பெட்டி வரும். கணினியைப் போட்டு எத்தனை மில்லி விநாடி ஆயிற்று என்று சொல்வதுதான் அந்தச் செயற்கூறின் வேலை. எக்ஸ்பியிலும் அதே வேலைக்கு ஒன்று இருந்தது. ஆனால் அது 32 பிட் எண்ணில் எண்ணியதால், 49.7 நாள் ஆனதும் எண்ணிக்கை நிரம்பிப் பூஜ்யத்திலிருந்து மறுபடி தொடங்கும். அதைச் சரிசெய்ய 64 பிட்டில் எண்ணும் புதியதொன்றை விஸ்டாவில் சேர்த்தார்கள். எக்ஸ்பியில் சேர்க்கவில்லை.

கவனிக்க வேண்டியது இதுதான்: செயலி அந்தச் செயற்கூறை ஏதோ ஒரு மூலையில் ஒரே ஒரு தடவை பயன்படுத்தினாலும் போதும். தொடங்குவதற்கு முன்பே விண்டோஸ் முழுப் பட்டியலையும் சரிபார்க்கும். ஒன்று குறைந்தாலும் செயலி திறக்காது. நூற்றில் தொண்ணூற்றொன்பது வேலைக்குப் பழைய விண்டோஸே போதும் என்றாலும் அந்த ஒன்றுக்காக எல்லாம் நின்றுபோகும்.

இந்த இடைவெளியை நிரப்புவதையே வேலையாக வைத்திருப்பவர்களும் இருக்கிறார்கள். விண்டோஸ் 98க்கும் மில்லெனியத்துக்கும் கெர்னல்இஎக்ஸ், எக்ஸ்பிக்கு ஒன்-கோர்-ஏபிஐ, விண்டோஸ் 7க்கு விஎக்ஸ்கெக்ஸ் என்று ஆர்வலர்கள் எழுதிய திட்டங்கள் உண்டு. பழைய விண்டோஸில் இல்லாத செயற்கூறுகளைத் தாங்களே எழுதிச் சேர்த்து, புதிய செயலிக்கு அது கேட்டது கிடைக்கச் செய்வதே இவற்றின் உத்தி. வியக்கத்தக்க உழைப்புதான். ஆனால் இயங்குதளத்தின் அடிவயிற்றில் கை வைக்கும் வேலை என்பதால், வங்கிக் கணக்கும் அலுவலகக் கோப்பும் இருக்கும் கணினியில் செய்து பார்க்கும் காரியமல்ல.

சில சமயம் குறை பெரிய இடத்தில் இருக்காது. பழைய நோட்பேட் கோப்பை மட்டும் நகலெடுத்து வேறொரு கோப்புறையில் போட்டுச் சொடுக்கிப் பாருங்கள். ஒன்றுமே நடக்காது, பிழைச் செய்திகூட வராது. காரணம், விஸ்டாவிலிருந்து செயலியின் மெனுச் சொற்களும் உரையாடல் பெட்டிகளும் எம்யூஐ என்ற பின்னொட்டுள்ள இன்னொரு கோப்பில், மொழியின் பெயரிட்ட துணைக் கோப்புறையில் தனியாக இருக்கின்றன. ஆங்கில விண்டோஸில் அது 'என்-யூஎஸ்' கோப்புறை. அந்தத் துணைக் கோப்பையும் அதே அமைப்பில் எடுத்துப்போனால்தான் நோட்பேட் வாய் திறக்கும். விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பில் வேர்ட்பேட் நீக்கப்பட்டபோது, பழைய கணினியிலிருந்து அதை எடுத்துவந்து மறுபடி போட்டுக்கொண்டவர்கள் மொழிக் கோப்பையும் சேர்த்தே எடுத்துவந்தார்கள்.

தோற்றத்திலும் இதே கதை. விண்டோஸ் 11 செயலிகளின் பொத்தான்களில் தெரியும் சின்னங்கள் படங்கள் அல்ல. செகோ ஃப்ளூவன்ட் ஐகான்ஸ் என்ற எழுத்துருவின் எழுத்துகள். அந்த எழுத்துரு விண்டோஸ் 10இல் இல்லை. அதைமட்டுமே நம்பி எழுதிய செயலியை அங்கே ஓட்டினால் சின்னங்கள் இருக்க வேண்டிய இடத்தில் வெற்றுக் கட்டங்கள் தெரியும். யூனிகோடு வந்த புதிதில் தமிழ்ப் பக்கங்களைக் கட்டம் கட்டமாகப் பார்த்தவர்களுக்கு இது பழகிய நோய். மருந்தும் அதேதான்: எழுத்துருவை நிறுவினால் சரியாகிவிடும்.

எங்கோ இருக்கும் பாதி

மூன்றாவது தடையை எந்த ஒட்டுவேலையாலும் தாண்ட முடியாது. செயலியின் ஒரு பாதி கணினியில் இல்லாமல், நிறுவனத்தின் சர்வரிலோ புதிய வன்பொருளிலோ இருப்பதுதான் அது.

ஆப்பிள் உலகில் இதற்குத் தெளிவான உதாரணம் இருக்கிறது. 2019 செப்டம்பரில் ஐபோனுக்கு ஐஓஎஸ் 13 வந்தபோது, ரிமைண்டர்ஸ் செயலியை ஆப்பிள் அடியோடு மாற்றி எழுதியது. தரவு சேமிக்கும் முறையும் மாறியது. புதிய முறைக்கு மாறிக்கொள்ளவா என்று ஐபோன் கேட்க, பலரும் சரி என்று தட்டிவிட்டார்கள். புதிய முறையைப் புரிந்துகொள்ளும் மேக்ஓஎஸ் கேட்டலினா அக்டோபரில்தான் வந்தது. இடைப்பட்ட நாட்களில் கைபேசியில் எழுதிய நினைவூட்டல் மேக் கணினிக்கு வந்து சேரவில்லை. கேட்டலினாவுக்கு மாற முடியாத பழைய மேக் வைத்திருந்தவர்களுக்கு அந்த இடைவெளி மூடவே இல்லை. 2015இல் நோட்ஸ் செயலியிலும் இதே போன்ற மாற்றம் நடந்தது. புதிய செயலியைப் பழைய மேக்கில் எப்படியாவது ஏற்றிவிடலாம் என்று நினைத்தால்கூட, ஐகிளவுடோடு அது பேச வேண்டிய பகுதிகள் இயங்குதளத்துக்குள்ளேயே பதிந்திருக்கின்றன.

பெயின்டிலும் இப்போது அந்த நிலை வந்துகொண்டிருக்கிறது. கிறுக்கியதையும் எழுத்தில் சொன்னதையும் வைத்துப் படம் வரைந்து தரும் கோகிரியேட்டர் வசதி, இப்போது கோபைலட் பிளஸ் என்ற முத்திரையுள்ள கணினிகளுக்கே உரியது. விநாடிக்கு 40 லட்சம் கோடி கணக்குகள் போடும் தனி நரம்பியல் சில்லு இருந்தால்தான் அந்த முத்திரை கிடைக்கும். பெயின்டைப் பழைய விண்டோஸுக்குக் கொண்டுவந்தாலும் அந்தப் பொத்தான் வெறும் அலங்காரமாகத்தான் நிற்கும்.

மனமிருந்தால் வழி வந்தது

தடைகள் உண்மையானவை என்றாலும், நிறுவனத்துக்குத் தேவை வந்தபோது அவை கரைந்துபோன கதைகளும் நிறைய.

எக்ஸ்பி வெளியாகி ஐந்தாண்டு ஆன பிறகு, 2006இல் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 7ஐயும் மீடியா பிளேயர் 11ஐயும் மைக்ரோசாஃப்ட் அதற்குக் கொடுத்தது. 2009இல் எக்ஸ்புளோரர் 8ஐயும் கொடுத்தது. எக்ஸ்பியை விட்டுவிட்டால் பயனாளர்கள் ஃபயர்ஃபாக்ஸ் பக்கம் போய்விடுவார்கள் என்ற நெருக்கடி அப்போது இருந்தது. 2011இல் வந்த எக்ஸ்புளோரர் 9 மட்டும் விஸ்டாவோடு நின்றது. பக்கங்களை வரைய அது நம்பிய வரைகலை நூலகங்கள் எக்ஸ்பியில் இல்லை.

எட்ஜ் உலாவியின் கதை இன்னும் சுவையானது. 2015இல் முதலில் வந்த எட்ஜ் விண்டோஸ் 10இல் மட்டும்தான் ஓடியது. அது எடுபடவில்லை. குரோமின் அடித்தளமான குரோமியத்தை எடுத்து எட்ஜை மறுபடி எழுதினார்கள். அந்தப் புதிய எட்ஜ் வெளிவந்தது 2020 ஜனவரி 15. அதற்கு முந்தைய நாள்தான் விண்டோஸ் 7க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியிருந்தது. ஆதரவு முடிந்துபோன அந்த விண்டோஸ் 7இலும் புதிய எட்ஜ் ஓடியது. 2023இன் தொடக்கம்வரை அதற்குப் புதிய பதிப்புகளும் வந்தன.

டைரக்ட்எக்ஸ் 12 விண்டோஸ் 10க்கு மட்டுமே உரியது என்று பல ஆண்டுகள் சொல்லப்பட்டது. 2019 மார்ச்சில் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் விளையாட்டுக்காக அதன் ஒரு வடிவத்தை மைக்ரோசாஃப்டே விண்டோஸ் 7க்குக் கொண்டுவந்தது. பெரிய வாடிக்கையாளர் கேட்டார், வழி பிறந்தது.

இந்தப் பின்னணியில் விண்டோஸ் டெர்மினலைப் பார்க்கலாம். கட்டளைகளைத் தட்டச்சு செய்து கணினியை இயக்குபவர்களுக்கான செயலி அது. விண்டோஸ் 11இல் உடன் வருகிறது; 22எச்2 பதிப்பு வெளியான 2022இல் இயல்புநிலைத் தேர்வாகவும் ஆனது. அதே டெர்மினலை விண்டோஸ் 10இல் ஸ்டோரிலிருந்து இலவசமாக நிறுவிக்கொள்ளலாம். டேப் அதில் முதலிலிருந்தே உண்டு. கால்குலேட்டரின் மூல நிரலை 2019 மார்ச்சில் எம்ஐடி உரிமத்தில் கிட்ஹப்பில் திறந்துவைத்தார்கள். அடுத்த ஆண்டு அதில் வந்த வரைபடம் போடும் வசதி விண்டோஸ் 10 பயனாளர்களுக்கும் கிடைத்தது. வெளியாட்கள் அந்த நிரலை எடுத்து ஆண்ட்ராய்டிலும் ஐபோனிலும்கூட ஓட்டிக் காட்டினார்கள்.

டெர்மினலை மென்பொருள் எழுதுபவர்கள் பயன்படுத்துகிறார்கள். விண்டோஸ் 10இல் இல்லையென்றால் அவர்கள் மேக்குக்கோ லினக்ஸுக்கோ போவார்கள். நோட்பேட் இல்லையென்று யாரும் எங்கும் போகப்போவதில்லை. எந்தச் செயலி பழைய விண்டோஸுக்கு வருகிறது, எது வரவில்லை என்ற பட்டியலை இந்தக் கண்ணோடு பார்த்தால் பல புதிர்கள் அவிழும்.

லினக்ஸ் கண்ட வழி

லினக்ஸில் இதே சிக்கல் வேறு உருவத்தில் இருந்தது. டெபியன் போன்ற நிலையான பதிப்புகள் வெளியாகும் நாளில் இருக்கும் செயலிகளோடு ஆண்டுக்கணக்கில் அப்படியே நிற்கும். பாதுகாப்புத் திருத்தங்கள் வரும். புதிய வசதிகள் வராது. புதிய செயலி கேட்கும் நூலகம் பழைய லினக்ஸில் இருக்காது. நூலகத்தை மாற்றினால் மற்ற செயலிகள் உடையும்.

ஃப்ளாட்பேக், ஸ்னாப், ஆப்இமேஜ் என்ற மூன்று முறைகளும் இதற்கு ஒரே மாதிரித் தீர்வைத் தந்தன: செயலி தனக்கு வேண்டிய நூலகங்களைத் தன்னோடே கொண்டுவரட்டும். இதனால் பழைய டெபியனில் புத்தம்புதிய உரைத் திருத்தியையும் படம் பார்க்கும் செயலியையும் எந்த ஒட்டுவேலையும் இல்லாமல் ஓட்ட முடிகிறது. விலை, வட்டில் இடம். ஒரு சின்னச் செயலிக்காக நூற்றுக்கணக்கான மெகாபைட் நூலகம் சேர்ந்து இறங்கும். உபுண்டு 18.04இல் கால்குலேட்டரையே ஸ்னாப்பாகக் கொடுத்தபோது, அது திறக்க இத்தனை நேரமா என்று பயனாளர்கள் சலித்துக்கொண்டார்கள்.

தமிழில் எழுதுபவருக்கு

நோட்பேடின் பதிப்பு எது என்பது தமிழில் தட்டச்சு செய்பவருக்கு வெறும் அழகு விஷயம் இல்லை. 2019 மேயில் வந்த விண்டோஸ் 10 புதுப்பிப்பு வரை நோட்பேட் கோப்புகளை இயல்பாக ஆன்சி என்ற முறையில் சேமித்தது. அந்த முறையில் தமிழுக்கு இடமில்லை. 'அம்மா' என்று அடித்துச் சேமித்தால் ஓர் எச்சரிக்கை வரும். படிக்காமல் சரி என்று அழுத்திவிட்டு மறுபடி திறந்தால் ஐந்து கேள்விக்குறிகள் நிற்கும்: அகரத்துக்கு ஒன்று, இரண்டு மகரத்துக்கு இரண்டு, புள்ளிக்கு ஒன்று, துணைக்காலுக்கு ஒன்று. எழுதியதை மீட்க வழியே கிடையாது. அந்தப் புதுப்பிப்பிலிருந்து யுடிஎஃப்-8 இயல்பான முறையாகிவிட்டது. அதே 'அம்மா' 15 பைட்டில் பத்திரமாக உட்காருகிறது.

அதற்கு முந்தைய ஆண்டு வந்த இன்னொரு மாற்றத்தால், லினக்ஸில் எழுதிய கோப்பை நோட்பேட் வரிவரியாகச் சரியாகப் பிரித்துக் காட்டத் தொடங்கியது. அதுவரை நூறு வரிக் கோப்பும் ஒரே வரியாக நீளும்.

விண்டோஸ் 7க்கு இவை இரண்டும் வரவில்லை. டிடிபி நிலையங்களில் பேஜ்மேக்கருக்காகவே பழைய விண்டோஸை வைத்திருப்பவர்கள் இன்னும் உண்டு. அந்த மென்பொருளின் கடைசிப் பதிப்பான 7.0 வெளியானது 2001இல். அப்படிப்பட்டவர் புதிய நோட்பேடுக்காக மெனக்கெட வேண்டியதில்லை. சேமிக்கும் பெட்டியின் அடியில் என்கோடிங் என்றொரு பட்டியல் இருக்கிறது. அதில் யுடிஎஃப்-8ஐத் தேர்ந்தெடுத்தால் தமிழ் தப்பித்துவிடும்.

கீபோர்டிலும் இதே பாடம் உண்டு. ஆங்கில ஒலிப்பில் அடித்தால் தமிழ் வரும் ஃபொனெடிக் கீபோர்டை மைக்ரோசாஃப்ட் 2019இல்தான் தமிழ் உட்பட பத்து இந்திய மொழிகளுக்கு விண்டோஸ் 10இலேயே சேர்த்தது. அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே என்எச்எம் ரைட்டரையும் இ-கலப்பையையும் எக்ஸ்பியிலும் விண்டோஸ் 7இலும் போட்டுக்கொண்டு தமிழர்கள் எழுதிக்கொண்டிருந்தார்கள். உடன்வரும் செயலிக்காகக் காத்திருக்காமல், அதே வேலையைச் செய்யும் தனிச் செயலியைத் தேடிக்கொண்டார்கள்.

என்ன செய்யலாம்?

முதலில் விண்டோஸ் பொத்தானோடு ஆர் விசையை அழுத்தி, 'வின்வெர்' என்பதன் ஆங்கில எழுத்துகளை அடித்துப் பில்ட் எண்ணைப் பாருங்கள். 19045 என்றால் விண்டோஸ் 10இன் கடைசிப் பதிப்பில் இருக்கிறீர்கள். டெர்மினல் அதில் ஓடும். மைக்ரோசாஃப்டே இலவசமாகத் தரும் பவர்டாய்ஸ் தொகுப்பும் ஓடும். படத்தில் உள்ள எழுத்தை நகலெடுக்கும் வசதி உட்பட, விண்டோஸ் 11இல் பிற்பாடு சேர்ந்த சிலவற்றுக்கு ஈடானவை அதில் இருக்கின்றன. டேப் உள்ள உரைத் திருத்தி வேண்டுமென்றால் நோட்பேட் பிளஸ் பிளஸ். லேயர் வேண்டுமென்றால் பெயின்ட் டாட் நெட் அல்லது கிரிட்டா. திரையை வீடியோ எடுக்க ஷேர்எக்ஸ் அல்லது ஓபிஎஸ். எல்லாம் காசில்லாமல் கிடைப்பவை. பெரும்பாலானவற்றில் புதிய நோட்பேடிலும் பெயின்டிலும் இல்லாத வசதிகளும் உண்டு.

விண்டோஸ் 11இன் நோட்பேடே வேண்டும், பெயின்டே வேண்டும் என்று தேடினால், மாற்றியமைத்த பொதிகளைத் தரும் தளங்கள் கண்ணில் படும். மைக்ரோசாஃப்டின் செயலியைத் திருத்திப் பகிர அந்தத் தளங்களுக்கு உரிமை கிடையாது என்பது ஒரு பக்கம். அதைவிட முக்கியமானது கையொப்பம் உடைந்த பொதி என்பது. உள்ளே ஓர் எண்ணை மட்டும் மாற்றினார்களா, வேறு எதையும் சேர்த்தார்களா என்று சரிபார்க்க உங்களுக்கும் வழியில்லை, விண்டோஸுக்கும் வழியில்லை. டெவலப்பர் மோடில் பதிவு செய்த செயலிக்கு ஸ்டோர் புதுப்பிப்புத் தராது என்பதால், நாளை அதில் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டாலும் அது ஓட்டையாகவே இருக்கும். செய்து பார்க்கும் ஆசை இருந்தால், முக்கியமான எதுவும் இல்லாத பழைய கணினியிலோ விர்ச்சுவல் மெஷினிலோ செய்து பாருங்கள்.

செயலியைவிட அவசரமானது இயங்குதளத்தின் பாதுகாப்பு. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. தனிநபர் கணினிகளுக்கு நீட்டிக்கப்பட்ட பாதுகாப்புப் புதுப்பிப்பு என்ற திட்டத்தில் 2026 அக்டோபர் 13 வரை திருத்தங்கள் கிடைக்கும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்நுழைந்து அமைப்புகளை பேக்கப் எடுக்கச் சம்மதித்தால் அதற்குக் கட்டணம் இல்லை. அமைப்புகள் பகுதியில் விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே பதிவு செய்துகொள்ளலாம். புது நோட்பேடைத் தேடுவதற்கு முன் அந்தப் பதிவை முடித்துவிடுங்கள்.